மெரிவெதர் லூயிசின் மரணமும் வழியோர ஜியோகேச்சும்

மெரிவெதர் லூயிஸ் (18 ஆகஸ்ட் 1774 – 11 அக்டோபர் 1809) வட அமெரிக்கக் கண்டத்தின் மேற்குப் பகுதியைக் கடந்து பசிபிக் கடல் வரை சென்று திரும்பிய லூயிஸ்–கிளார்க் பயணக் குழுவின் தலைவர். பயணம் முடிந்து மூன்று ஆண்டுகளே ஆன நிலையில், டென்னசி மாநிலக் காட்டுவழியில் இருந்த ஒரு சிறு விடுதியில் துப்பாக்கிக் காயங்களுடன் இறந்தார். அப்போது அவருக்கு வயது 35. அது தற்கொலையா, கொலையா என்பது இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் தீரவில்லை. அவர் இறந்த இடமும் கல்லறையும் இன்று நாட்செஸ் டிரேஸ் நெடுஞ்சாலையின் ஓரத்தில் உள்ளன. லூயிஸ்–கிளார்க் சென்ற வழி நெடுகிலும், அவரது நினைவுடன் தொடர்புடைய பிற இடங்களிலும் ஜியோகேச்சிங் விளையாட்டினர் அவர்கள் பெயரில் பெட்டிகளை மறைத்து வைத்துத் தேடுகின்றனர். செல்லும் இடமெல்லாம் அகலாங்கும் நெட்டாங்கும் குறித்துவர அனுப்பப்பட்ட ஒருவரை, அகலாங்கு நெட்டாங்கைக் கொண்டே நடக்கும் ஒரு விளையாட்டு நினைவுகூர்கிறது.

ஜியோகேச்சிங்

ஜியோகேச்சிங் என்பது செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவியைக் கொண்டு, ஒருவர் மறைத்து வைத்த பெட்டியை மற்றவர் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. மறைத்து வைக்கப்படும் பெட்டிக்கு ஜியோகேச் என்று பெயர். அது பழைய படச்சுருள் டப்பாவாக இருக்கலாம். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவாக இருக்கலாம். சாலைத் தடுப்புக் கம்பியில் காந்தத்தால் ஒட்டிய, விரல்நுனி அளவுக் குப்பியாகவும் இருக்கலாம். உள்ளே ஒரு பதிவேடு இருக்கும். கண்டுபிடித்தவர் அதில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். பெரிய பெட்டி என்றால் பொம்மை, நாணயம் போன்ற சில்லறைப் பொருட்களும் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதே மதிப்புள்ள வேறொன்றை வைப்பது வழக்கம். மதிப்பு என்று பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. தேடி அலைவதுதான் இன்பம்.

இந்த விளையாட்டுக்குப் பிறந்த நாள் உண்டு. அமெரிக்க அரசு தன் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் பொதுப் பயன்பாட்டு அலைகளில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் சாதாரண மக்களின் கருவி காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தவறக்கூடும். 2000 மே 2 அன்று அந்தப் பிழை நீக்கப்பட்டது. ஒரே இரவில் கருவிகள் பத்து, இருபது மீட்டருக்குள் இடத்தைச் சொல்லத் தொடங்கின. மறுநாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே காட்டில் ஒரு வாளியை வைத்து, அது இருக்கும் இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் வெளியிட்டார். சில நாட்களுக்குள் அது கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் இதற்கெனத் தனி இணையதளம் தொடங்கப்பட்டது. இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உள்ளன.

பெட்டியின் இடம் பாகை, கலை, கலையின் மூன்று தசம இலக்கம் என்ற முறையில் தரப்படுகிறது. திருவள்ளூர் மாவட்டம் ஆர்.கே.பேட்டையில் ஒருவர் கைப்பேசியைத் திறந்து பார்த்தால், வடக்கே 13 பாகையும் சில கலைகளும், கிழக்கே 79 பாகையும் சில கலைகளும் காட்டும். பாகையை மட்டும் சொன்னால் அது நூறு கிலோமீட்டருக்கு மேல் அகன்ற ஒரு பட்டை. எந்த ஊர் என்றே தெரியாது. கலையையும் சேர்த்துச் சொன்னால் இரண்டு கிலோமீட்டருக்குள் வந்துவிடலாம். கலையின் மூன்றாம் தசம இலக்கம் வரை சொன்னால் அகலாங்கில் அது 1.85 மீட்டர், ஏறத்தாழ ஒரு கட்டிலின் நீளம். இவ்வளவு துல்லியம் இருந்தால்தான் வேலியோரப் புதரில் கிடக்கும் ஒரு டப்பாவைக் கண்டுபிடிக்க முடியும்.

லூயிஸ் சென்ற பயணம்

1803இல் அமெரிக்கா, பிரான்சிடமிருந்து லூசியானா என்ற பெரும் நிலப்பரப்பை 1.5 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கிய நிலத்தின் எல்லை எது, அதில் என்ன இருக்கிறது என்பது வாங்கியவருக்கே தெரியாது. குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன், தன் தனிச் செயலராக இருந்த படைத்தலைவர் லூயிசை அங்கே அனுப்பத் தீர்மானித்தார். அதற்கு முன் வானைப் பார்த்து இடத்தைக் கணிக்கும் கலையை லூயிஸ் பென்சில்வேனியாவில் ஆண்ட்ரூ எல்லிகாட், ராபர்ட் பேட்டர்சன் ஆகிய இருவரிடம் கற்றார். கோணமானியும் கால அளவுக் கடிகாரமும் வாங்கப்பட்டன. ஆறு கலக்கும் இடம், அருவி, தீவு என்று ஒவ்வொரு முக்கிய இடத்திலும் அளவெடுக்க வேண்டும் என்பது ஜெபர்சனின் கட்டளை.

லூயிஸ் தன் நண்பர் வில்லியம் கிளார்க்கைச் சம உரிமையுள்ள தலைவராகச் சேர்த்துக்கொண்டார். 1804 மே 14 அன்று குழு செயின்ட் லூயிஸ் நகரின் எதிர்க்கரைப் பகுதியில் இருந்து கிளம்பியது. மிசௌரி ஆற்றில் எதிர்நீச்சலாகச் சென்று, ராக்கி மலைகளைக் கடந்து, 1805 நவம்பரில் பசிபிக் கரையை அடைந்தது. 1806 செப்டம்பர் 23 அன்று செயின்ட் லூயிசுக்குத் திரும்பியபோது, அவர்கள் இறந்திருப்பார்கள் என்று பலரும் முடிவுகட்டியிருந்தனர்.

அவர்கள் எடுத்து வந்த நெட்டாங்கு அளவுகள் ஒரு தனிக் கதை. அவற்றைக் கணக்கிட்டு முடிவு தரும்படி பெர்டினாண்ட் ஹாஸ்லர் என்ற கணித அறிஞரிடம் கொடுத்தார்கள். அவராலும் அவற்றிலிருந்து உருப்படியான விடை எடுக்க முடியவில்லை. ஆனால் கிளார்க் திசைகாட்டியையும் கண் மதிப்பீட்டையும் கொண்டு வரைந்த வரைபடம் பல ஆண்டுகள் பயன்பட்டது.

ஆளுநர் பதவியும் கடன்களும்

1807இல் லூயிஸ் மேல் லூசியானாப் பகுதியின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். அவர் செயின்ட் லூயிசில் போய்ப் பொறுப்பேற்கவே ஓராண்டு ஆனது. காட்டில் குழு நடத்தத் தெரிந்தவருக்கு அலுவலகம் நடத்த வரவில்லை என்றே பல வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அது முழு நியாயமான தீர்ப்பு அல்ல. நில உரிமை வழக்குகள், தோல் வணிகர்களின் போட்டி, பூர்வகுடி நாடுகளுடனான உறவு என்று எவருக்கும் எளிதாக இருந்திருக்க முடியாத பதவி அது. அவருக்குக் கீழே செயலராக இருந்த பிரெடரிக் பேட்ஸ் வெளிப்படையாகவே அவரை எதிர்த்தார்.

பயணத்தின்போது உதவிய மாண்டன் குடித் தலைவர் ஷெஹெகியைத் தலைநகருக்கு அழைத்து வந்திருந்தார்கள். அவரைப் பத்திரமாக ஊர் சேர்ப்பது ஆளுநரின் பொறுப்பு. அதற்காக லூயிஸ் அரசின் கணக்கில் எழுதிய உண்டியல்களில் 500 டாலருக்கான ஒன்றை, போர்த்துறைச் செயலர் வில்லியம் யூஸ்டிஸ் 1809 ஜூலையில் ஏற்க மறுத்தார். தொகை பெரிதல்ல. ஆனால் அரசு மறுத்த உண்டியலுக்கு எழுதியவரே பொறுப்பு. செய்தி பரவியதும் கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றனர். தன் கணக்குகளை நேரில் காட்டி விளக்குவதற்காக லூயிஸ் வாஷிங்டனுக்குப் புறப்பட்டார். அதே பெட்டிகளில் இன்னொன்றும் இருந்தது: பயணக் குறிப்பேடுகள். அவற்றை நூலாக்கித் தருவதாகப் பிலடெல்பியாப் பதிப்பாளரிடம் 1807லேயே ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு பக்கம்கூட எழுதிக் கொடுக்கவில்லை.

கடைசிப் பயணம்

1809 செப்டம்பர் 4 அன்று படகில் கிளம்பினார். மிசிசிப்பி ஆற்றின் வழியே நியூ ஆர்லியன்ஸ் சென்று கடல் வழியாகத் தலைநகரை அடைவது திட்டம். செப்டம்பர் 11 அன்று நியூ மாட்ரிட்டில் உயில் எழுதினார். சொத்தைத் தாய்க்கு விட்டார். நான்கு நாள் கழித்து இன்றைய மெம்பிஸ் நகரம் உள்ள இடத்தில் இருந்த பிக்கரிங் கோட்டையை அடைந்தபோது உடல்நலம் கெட்டிருந்தது. வழியில் அவர் இரண்டு முறை தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகப் படகில் வந்தவர்கள் தெரிவித்தனர் என்று கோட்டைத் தலைவர் கில்பர்ட் ரசல் பின்னர் எழுதினார். ரசல் அவரைக் காவலில் வைத்து, மதுவைக் கட்டுப்படுத்தினார். சில நாட்களில் லூயிஸ் தெளிந்தார். குடியரசுத் தலைவர் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில், கடல் வழியில் போனால் குறிப்பேடுகள் ஆங்கிலேயர் கையில் சிக்கக்கூடும் என்பதால் தரை வழியாக வருவதாகத் தெரிவித்தார்.

செப்டம்பர் 29 அன்று கிளம்பிய குழுவில் லூயிஸ், சிக்காசா நாட்டுக்கான அரசு முகவர் ஜேம்ஸ் நீலி, லூயிசின் பணியாளர் ஜான் பெர்னியர், நீலியின் பணியாளர் ஆகியோர் இருந்தனர். அவர்கள் பிடித்த வழி நாட்செஸ் டிரேஸ். மிசிசிப்பி ஆற்றங்கரையின் நாட்செஸ் நகரையும் டென்னசியின் நாஷ்வில்லையும் இணைத்த பழைய ஒற்றையடிப் பாதை அது. நாட்செஸ், சாக்டா, சிக்காசா மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து உண்டான தடம். ஆற்றில் படகிலே சரக்குடன் இறங்கி வந்து, படகையும் விற்றுவிட்டு, கையில் காசுடன் நடந்தே ஊர் திரும்பும் வணிகர்கள் அதில் சென்றார்கள். காசு போகும் வழியில் கள்வரும் இருந்தனர். இந்தச் செய்தி பின்னால் வரும் வாதத்துக்கு முக்கியம்.

டென்னசி ஆற்றைத் தாண்டிய பின் ஓர் இரவில் இரண்டு குதிரைகள் தவறிப்போயின. அவற்றைத் தேட நீலி பின்தங்கினார். லூயிஸ் முன்னே சென்று, அக்டோபர் 10 மாலை கிரைண்டர் விடுதியை அடைந்தார். நாஷ்வில்லுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், மரக்கட்டைகளால் கட்டிய எளிய வீடு அது. வீட்டுக்காரர் ராபர்ட் கிரைண்டர் அன்று ஊரில் இல்லை. அவர் மனைவியும் குழந்தைகளும் இருந்தனர்.

அந்த இரவு

என்ன நடந்தது என்பதற்கு நேரில் பார்த்தவர் எழுதிய சாட்சியம் ஒன்றும் இல்லை. இருப்பவை எல்லாம் ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதியவை. அவற்றில் மூன்று முக்கியமானவை. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

முதலாவது, நீலி அக்டோபர் 18 அன்று நாஷ்வில்லில் இருந்து ஜெபர்சனுக்கு எழுதிய கடிதம். நீலி சம்பவத்தின்போது அங்கே இல்லை. பிறகு வந்து உடலை அடக்கம் செய்தவர். லூயிஸ் மனம் பேதலித்த நிலையில் தன்னைத் தானே தலையிலும் மார்புக்குக் கீழும் சுட்டுக்கொண்டார் என்றும், இரண்டு வெடிச் சத்தம் கேட்டு வீட்டுப் பெண் பணியாளர்களை எழுப்பினார் என்றும் அவர் எழுதினார்.

இரண்டாவது, பறவையியலாளர் அலெக்சாண்டர் வில்சன் எழுதியது. லூயிஸ் பயணத்தில் கொண்டு வந்த பறவைகளை வரைந்து பெயரிட்டவர் இவரே. ஒரு மரங்கொத்திக்கு லூயிசின் பெயரையும் வைத்தார். நண்பர் இறந்த இடத்தைப் பார்க்க 1810 மே மாதம் விடுதிக்குப் போய், கிரைண்டரின் மனைவியிடம் நேரில் விசாரித்தார். அவர் சொன்னபடி, லூயிஸ் பொழுது சாயும் வேளையில் வந்தார். கொஞ்சம் மது கேட்டுச் சிறிதளவே குடித்தார். முற்றத்தில் முன்னும் பின்னும் நடந்தபடி தனக்குத் தானே பேசிக்கொண்டார். பிறகு அமைதியாகிப் புகைக்குழாயைப் பற்றவைத்து, மாலை இனிமையாக இருக்கிறது என்றார். கட்டில் வேண்டாம் என்று தரையில் கரடித் தோலும் எருமைத் தோலும் விரித்துப் படுத்தார். சில அடி தள்ளி இருந்த சமையல் வீட்டில் படுத்திருந்த அந்தப் பெண், நடு இரவுக்குப் பின் ஒரு வெடிச் சத்தமும், ஏதோ கனமாக விழும் ஓசையும், மீண்டும் ஒரு வெடிச் சத்தமும் கேட்டார். சற்று நேரத்தில் லூயிஸ் அவர் கதவருகே வந்து தண்ணீர் கேட்டார். அவர் கதவைத் திறக்கவில்லை. கட்டைகளின் இடுக்கு வழியே, லூயிஸ் தள்ளாடி விழுவதையும் ஊர்ந்து செல்வதையும் பார்த்ததாகவும், காலியான வாளியில் சுரைக்குடுவை உராயும் ஓசையைக் கேட்டதாகவும் சொன்னார். பொழுது விடிந்த பின்னரே குழந்தைகளைத் தொழுவத்துக்கு அனுப்பிப் பணியாளர்களை எழுப்பினார். சூரியன் மரங்களுக்கு மேலே எழும் நேரத்தில் லூயிஸ் இறந்தார்.

மூன்றாவது வடிவம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு பள்ளி ஆசிரியரிடம் அதே பெண் சொன்னது. அதில் முன்பு இல்லாத மூன்று அந்நியர்கள் குதிரையில் வருகின்றனர். லூயிஸ் அவர்களைத் துப்பாக்கி காட்டித் துரத்துகிறார். இரவில் இரண்டல்ல, மூன்று வெடிச் சத்தம் கேட்கிறது. காலையில் பணியாளர் லூயிசின் உடையை அணிந்து நிற்கிறார்.

வாதங்கள்

தற்கொலை என்று கருதுவோர் முதலில் காட்டுவது, லூயிசை நெருக்கமாக அறிந்தவர்களின் எதிர்வினையை. கிளார்க் செய்தியைக் கேட்டவுடனே நம்பினார். ஜெபர்சனும் ஏற்றார், 1813இல் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் லூயிசுக்கும் அவர் தந்தை வழிக் குடும்பத்துக்கும் இருந்த மனச்சோர்வைப் பற்றிக் குறிப்பிட்டார். இருவருக்கும் லூயிசின் பெயரைக் கெடுக்க எந்தக் காரணமும் இல்லை. பணநெருக்கடி, எழுதி முடிக்காத நூல், காய்ச்சல், மது ஆகியவற்றோடு ரசலின் சாட்சியமும் சேர்கிறது. மலேரியா, மேகநோய் ஆகியவற்றால் சித்தம் கலங்கியிருக்கலாம் என்று மருத்துவம் சார்ந்த விளக்கங்களும் பின்னர் வந்தன. அவை ஊகங்களே.

கொலை என்று கருதுவோர், குறி தவறாத வேட்டைக்காரர் ஒருவர் தன்னைச் சுட்டுக்கொள்ள இரண்டு குண்டு எதற்கு என்று கேட்கின்றனர். அந்தக் காலக் கைத்துப்பாக்கி நம்பத்தகாதது என்பது மறுப்பு. விடுதிப் பெண்ணின் சொற்கள் மாறிக்கொண்டே போனதை அவர்கள் பலமாகப் பிடித்துக்கொள்கின்றனர். இரவு வெளிச்சம் பற்றியும் ஒரு கேள்வி உண்டு: 1809 அக்டோபர் 9 அமாவாசை. மறுநாள் இரவு இருட்டில், கட்டை இடுக்கு வழியே இவ்வளவையும் பார்க்க முடியுமா? கள்வர் வேலை, வீட்டுக்காரரே செய்தது, அரசியல் சதி என்று குற்றவாளிகள் பலர் முன்வைக்கப்பட்டனர். ஒருவருக்கு எதிராகவும் தக்க சான்று இல்லை. எழுத்தாளர் வார்டிஸ் பிஷர் 1962இல் தனி நூலாகவே இந்தக் கேள்வியை எழுப்பி, கொலை என்ற பக்கம் சாய்ந்தார்.

இன்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் தற்கொலை என்றே கொள்கின்றனர். சாட்சியங்களின் எடையும் அந்தப் பக்கமே அதிகம். முப்பது ஆண்டு கழித்து வந்த கதையைக் கொண்டு ஏழாம் நாள் எழுதிய கடிதத்தை ஒதுக்குவது கடினம். எனினும் அந்தக் கடிதத்தை எழுதியவரும் அங்கே இல்லை என்பதையும் மறுக்க முடியாது. நீலியின் மேல் ரசலுக்கு நல்ல எண்ணம் இல்லை. வழியில் லூயிசை மீண்டும் குடிக்கவிட்டவர் நீலியே என்று அவர் ஜெபர்சனிடம் குற்றம் சாட்டினார்.

இந்த விவாதத்தில் அதிகம் மறக்கப்படுபவர் பணியாளர் பெர்னியர். லூயிஸ் அவருக்கு 240 டாலர் சம்பளப் பாக்கி வைத்திருந்தார். பெர்னியர் வர்ஜீனியா வரை சென்று ஜெபர்சனைக் கண்டு செய்தி சொன்னார். அடுத்த ஆண்டே அவரும் இறந்துவிட்டார். அந்த இரவில் தொழுவத்தில் இருந்த அவரைக் கேட்டு எழுதிய முழு வாக்குமூலம் எதுவும் கிடைக்கவில்லை.

குறிப்பேடுகள் தப்பின. கிளார்க்கின் முயற்சியால் நிக்கலஸ் பிடில் அவற்றைச் சுருக்கித் தொகுத்து 1814இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஆனால் அதில் தாவரம், விலங்கு பற்றிய லூயிசின் அறிவியல் குறிப்புகளில் பெரும்பகுதி விடுபட்டது. அவை முழுமையாக அச்சேறியது 1904–05இல்தான். இடைப்பட்ட தொண்ணூறு ஆண்டுகளில் அவர் முதலில் விவரித்த பல உயிரினங்களை வேறு சிலர் புதிதாகக் கண்டுபிடித்துத் தங்கள் பெயரில் பதிந்துகொண்டனர்.

கல்லறை

லூயிஸ் விடுதிக்கு அருகிலேயே, பாதையோரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பன்றியும் ஓநாயும் தோண்டாமல் இருக்க வேலி போடும்படி வில்சன் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்துச் சென்றார். அதன் பின் நீண்ட காலம் கவனிப்பார் இல்லை. 1843இல் அப்பகுதியைச் சுற்றி உருவான மாவட்டத்துக்கு லூயிசின் பெயர் வைக்கப்பட்டது. 1848இல் டென்னசி சட்டமன்றம் 500 டாலர் ஒதுக்கி ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியது. யூஸ்டிஸ் மறுத்த உண்டியலின் தொகையும் 500 டாலர்தான் என்பது தற்செயல். சின்னம் ஒரு தூண்; உச்சி முறிந்தாற்போல வேண்டுமென்றே செதுக்கப்பட்டது, பாதியில் முடிந்த வாழ்வைக் குறிப்பதற்காக. அதை எழுப்பிய குழு, இடத்தை உறுதி செய்யக் கல்லறையைத் திறந்து பார்த்தது. குழுவில் ஒரு மருத்துவரும் இருந்தார். லூயிஸ் கொலையாளியின் கையால் இறந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அவர்களின் அறிக்கை கூறியது. எதைக் கண்டு அப்படிச் சொன்னார்கள் என்பதை எழுதாமல் விட்டுவிட்டது. கொலை வாதத்துக்கு இன்றுவரை உயிர் கொடுக்கும் வரி அதுதான்.

1925இல் அந்த இடம் தேசிய நினைவிடமானது. பிறகு நாட்செஸ் டிரேஸ் நெடுஞ்சாலையுடன் இணைக்கப்பட்டு, தேசியப் பூங்கா சேவையின் பொறுப்பில் வந்தது. 444 மைல் நீளமுள்ள அந்தச் சாலையில் சரக்கு வண்டிகளுக்கு அனுமதி இல்லை. விளம்பரப் பலகைகளும் இல்லை. மைல்கல் 385.9இல், ஹோகன்வால்டு என்ற சிற்றூருக்கு அருகே கல்லறை உள்ளது. பக்கத்தில் மரக்கட்டைக் குடில் ஒன்று நிற்கிறது. பலர் அதைத்தான் லூயிஸ் இறந்த வீடு என்று நினைத்துப் படம் எடுக்கின்றனர். உண்மையான விடுதி எப்போதோ அழிந்துவிட்டது. இது பின்னாளில் கட்டியது.

1996இல் ஹோகன்வால்டில் ஒரு மரண விசாரணை மன்றம் கூடியது. தடயவியல் பேராசிரியர் ஜேம்ஸ் ஸ்டார்ஸ் முன்னின்றார். வல்லுநர்கள் பலரைக் கேட்டபின், உடலைத் தோண்டி ஆராய வேண்டும் என்று நடுவர்கள் பரிந்துரைத்தனர். லூயிசுக்கு மனைவி மக்கள் இல்லை. உடன்பிறந்தோர் வழி வந்தவர்கள் ஏறத்தாழ இருநூறு பேர் அதை ஆதரித்தனர். எலும்பில் குண்டு பாய்ந்த திசை தெரிந்தால், எவ்வளவு அருகில் இருந்து சுடப்பட்டது என்பது தெரிந்தால், கேள்வியின் ஒரு பகுதியாவது தீரும் என்பது அவர்கள் எண்ணம். பூங்கா சேவை மறுத்தது. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பிறரின் கல்லறைகளும் உள்ளன. ஒன்றைத் தோண்டினால் மற்றவையும் கலையும் என்பது அதன் காரணங்களில் ஒன்று. இடையில் இசைவு கிடைப்பது போல ஒரு நிலை வந்தபோதிலும், 2010இல் முடிவாக மறுக்கப்பட்டது.

நினைவிடத்தில் பெட்டி வைப்பது

இப்படிப்பட்ட இடத்தில் ஜியோகேச் வைப்பதற்கு வரையறை உண்டு. பெட்டியைப் புதைப்பதற்காக மண்ணைத் தோண்டக் கூடாது என்பது விளையாட்டின் பொது விதி. இரு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். பூங்கா சேவைக்குரிய நிலத்தில் அதிகாரியின் இசைவின்றிப் பெட்டி வைக்க முடியாது. ஆகவே இத்தகைய இடங்களுக்கு வேறு வழிகள் உள்ளன. ஒன்று, பெட்டியே இல்லாத ஜியோகேச்: தேடி வருபவர் நினைவுச் சின்னத்தில் உள்ள ஏதேனும் ஒரு தகவலைப் படித்து விடையாக அனுப்ப வேண்டும். மற்றொன்று, பல கட்டத் தேடல்: கல்லில் பொறித்த ஆண்டு, தேதி ஆகிய எண்களைக் கூட்டிக் கழித்தால் எல்லைக்கு வெளியே, பொதுச் சாலையோரத்தில் இருக்கும் பெட்டியின் நெட்டாங்கு கிடைக்கும். இரண்டிலும் கல்வெட்டைப் படிக்காமல் விளையாட முடியாது. காரில் இருந்து இறங்காமல் படம் எடுத்துச் செல்லும் பயணி அறியாததை, பெட்டி தேடி வந்த பள்ளி மாணவர் அறிந்துகொண்டு போகிறார் என்றால் அது இந்த ஏற்பாட்டால்தான்.

கவனிப்பாரற்ற பெட்டி காவல்துறைக்குத் தலைவலி தருவதும் உண்டு. பாலத்தடியில், அரசுக் கட்டடத்தருகே கிடந்த டப்பாக்களை வெடிபொருள் என்று எண்ணி நிபுணர்கள் வந்து அகற்றிய நிகழ்வுகள் பல நாடுகளில் நடந்துள்ளன. வெளியில் ஜியோகேச் என்று எழுதி ஒட்டுவதும், உள்ளிருப்பது தெரியும் டப்பாவைப் பயன்படுத்துவதும் இதற்காகவே. திருவள்ளூர் மாவட்டத்தில் அத்திரம்பாக்கம் போன்ற தொல்பழங்கால இடங்கள் உள்ளன. அங்கே இராபர்ட் புரூஸ் பூட் 1863இல் கண்டெடுத்த கற்கருவிகள் மண்ணின் எந்த அடுக்கில் கிடந்தன என்பதே அவற்றின் வயதைச் சொல்லும் சான்று. ஒரு சாண் குழி தோண்டினாலும் அது கலைந்துவிடும். தோண்டக் கூடாது என்ற விதியின் அருமை அத்தகைய இடங்களில்தான் புரியும்.

லாம்டன்: இந்தியாவில் ஓர் இணை

லூயிஸ் கோணமானியைக் கையாளக் கற்றுக்கொள்வதற்கு ஓராண்டுக்கு முன், 1802 ஏப்ரலில், வில்லியம் லாம்டன் சென்னையின் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்திய முக்கோணவியல் அளவைப் பணி அங்கிருந்து வளர்ந்தது. லூயிஸ் குழு ஓடும் ஆற்றில் இருந்து அவசரமாக எடுத்த அளவுகள் வீணாயின. லாம்டன் அரை டன் எடையுள்ள கோணமானியைக் கோபுரங்கள் மேலும் குன்றுகள் மேலும் ஏற்றி, இருபது ஆண்டுகள் பொறுமையாக எடுத்த அளவுகள் நிலைத்தன. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணமானி மோதிச் சேதமடைந்தபோது, அதை அவரே வாரக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்தார்.

லாம்டனும் வழியில்தான் இறந்தார். ஐதராபாத்தில் இருந்து நாக்பூருக்குச் செல்லும்போது, 1823 ஜனவரி 20 அன்று, இன்றைய மகாராட்டிரத்தின் இங்கன்காட்டில் நோயால் உயிர் நீத்தார். அவர் மரணத்தில் மர்மம் எதுவும் இல்லை. ஆனால் அவர் பிறந்த ஆண்டு எது என்பதில் இன்னும் குழப்பம் உள்ளது. கல்லறை இங்கன்காட்டில் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. பரங்கிமலையில் அவருக்கு ஒரு சிலையும், அளவைப் பணியின் தொடக்கத்தைக் குறிக்கும் சின்னமும் இருக்கின்றன. விமான நிலையத்தை மேலிருந்து பார்க்க மலையேறுபவர்கள் அந்தச் சிலையைக் கடந்துதான் போகின்றனர்.